ஏழாம் மேசையின் முள்

மனித உழைப்பை அளக்க இதுவரை எடுத்த முயற்சிகள் எல்லாம் வீண். வியர்வையை அளந்தார்கள்; மின்விசிறி வந்து கெடுத்தது. நேரத்தை அளந்தார்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க எல்லாரும் பழகிக்கொண்டார்கள். கடைசியில் உண்மையான அளவுகோல் இணையத்திலிருந்து, இலவசமாக, ஒரு மேலாளரின் கணினியில் இறங்கியது.

சின்ன மென்பொருள்தான். திரையின் வலது மூலையில் நான்கு வட்டங்கள், நான்கு முட்கள். கணினியின் மூளை எத்தனை சதவீதம் உழைக்கிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, உள்ளே எத்தனை டிகிரி சூடு, இணையம் என்ன வேகம் என்று சொல்லும். நோயுற்ற கணினியைச் சோதிக்க எவனோ எழுதியது. அதில் ஊழியர்களையும் சோதிக்கலாம் என்று கண்டுபிடித்த பெருமை மேலாளரையே சேரும்.

"கம்ப்யூட்டர் சும்மா இருக்குன்னா, அதுக்கு முன்னாடி உக்காந்திருக்கிறவங்களும் சும்மாத்தானே இருக்காங்க?" என்று கூட்டத்தில் கேட்டார். பதினோரு பேரும் தலையாட்டினார்கள். சுற்றறிக்கை வந்தது. மூளை முள்ளின் மாதச் சராசரி அறுபதுக்குக் கீழே இறங்கும் ஊழியர் 'ஓய்விலிருப்பவர்' எனக் கருதப்படுவார்; அந்த ஓய்வு இனி அவருக்கு வீட்டிலேயே வழங்கப்படும். சுவரில் பெரிய டிவி மாட்டினார்கள். பதினோரு மேசை, பதினோரு முள்.

ஏழாம் மேசையின் முள் மூன்றில் படுத்திருந்தது.

அது புள்ளியக்காவின் மேசை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டுகளை அச்சுக்குத் தயார் செய்யும் அலுவலகம் அது. அவற்றில் பிழை பார்ப்பது அவள் வேலை. ஒன்பது வருடத்தில் எத்தனையோ விடுபட்ட தசமப் புள்ளிகளைப் பிடித்ததால் அந்தப் பெயர். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான்.

மேலாளர் அவள் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா பண்ணிட்டிருக்கீங்க?"

"படிச்சிட்டிருக்கேன் சார்."

"படிங்க, வேணாங்கல. வேலைய எப்ப ஆரம்பிப்பீங்க?"

"இதுதான் சார் வேலை. இந்த அளவு சரியான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

"அத கம்ப்யூட்டர்ல யோசிங்களேன். தலைக்குள்ள யோசிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி.

மற்றவர்கள் சீக்கிரமே முன்னேறிவிட்டார்கள். கணக்கர் ஆறு சினிமாக்களை ஒலி இல்லாமல் ஒரே நேரத்தில் ஓட்டினார். வரவேற்பாளர் காலையில் ஒரு கோப்பைச் சுருக்குவாள், மாலைவரை விரிப்பாள். அறை அடுப்பாகக் கொதித்தது. கணினிகளின் முதுகில் வந்த வெப்பக்காற்றில் கணக்கர் சாப்பாட்டு டப்பாவைச் சூடாக்கிக்கொண்டார். அச்சகத்துக்கு ஒரு கடிதம் அனுப்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. அலுவலகச் சராசரி எண்பத்தெட்டைத் தொட்டது. மேலாளருக்குக் கண் கலங்கியது.

"அக்கா, பிடிவாதம் பிடிக்காதீங்க," என்றான் பக்கத்து மேசை வடிவமைப்பாளன். "ஸ்க்ரீன்ல ஒரு கட்டம் சும்மா சுத்திட்டே இருக்கும், முள்ளு ஏறிடும், அவ்வளவுதான். மெஷினைப் போட்டாலே தானா ஓடுற மாதிரி வச்சுத் தர்றேன்."

"எதுக்குத் தம்பி அது சுத்துது?"

"டிவிக்காகத்தான்."

மாதம் பிறந்து ஒரு வாரம் ஓடியிருந்தது; இன்னும் தாமதித்தால் சராசரி அறுபதைத் தொடாது. "சரி, வச்சுத் தொலை," என்றாள்.

முள் தொண்ணூற்றேழுக்குப் பாய்ந்தது. மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். ஒரே ஒரு சிக்கல். சீட்டின் ஒரு பக்கம் திரையில் நகர ஐந்து நிமிடம் எடுத்தது. எனவே அவள் சீட்டுகளைத் தாளில் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து படித்தாள். யாரும் தேடவில்லை. மேசையில் முள் உழைத்துக்கொண்டிருந்தது.

மாதக் கடைசி நாள், மூன்றரை மணி. குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துச் சீட்டு. 'ஒரு வேளைக்கு 25 மி.லி.' என்றிருந்தது.

இரண்டரை. இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே புள்ளியைக் காணவில்லை. அவள் படியேறி ஓடி வந்தாள்.

"தம்பி, உடனே ஒரு புள்ளி வை. நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது."

"கோப்பே திறக்க மாட்டேங்குதுக்கா. ஆபீஸ் நெட்வொர்க்கே மூச்சுத் திணறிக் கிடக்கு. எல்லாரும் மூடினாத்தான் உண்டு."

அவள் மேலாளரிடம் போனாள்.

"சார், எல்லாக் கம்ப்யூட்டரையும் பத்து நிமிஷம் நிறுத்தணும்."

"இன்னிக்கா? நாலு மணிக்குத் தலைமை அலுவலகம் சராசரி பாக்குதும்மா! நாலு மணிக்கு மேல திருத்திக்கலாம்."

"நாலு மணிக்கு அச்சாயிடும் சார். பத்து மடங்கு மருந்து. குழந்தைங்க குடிக்கிறது."

"ஒரு புள்ளிதானேம்மா?" என்றார் மேலாளர், டிவியைப் பார்த்தபடி. "இங்க பாருங்க, தொண்ணூத்தொண்ணு புள்ளி நாலு."

புள்ளியின் மதிப்பு அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அவள் வாசலுக்கு நடந்தாள். மின் பெட்டியைத் திறந்து பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

அலுவலகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு அமைதி. ஆறு சினிமாவும் ஒன்றாகச் செத்தன. கணக்கர் சூடு ஆறும் டப்பாவைத் தடவிப் பார்த்தார். சுவிட்சை மேலே தள்ளிவிட்டு அவள், "தம்பி மெஷினை மட்டும் போடுங்க. மத்ததைத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்," என்றாள். யாரும் தொடவில்லை. வடிவமைப்பாளன் புள்ளி வைத்தான். மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கோப்பு போனது.

நான்கு மணிக்குத் தலைமை அலுவலகம் பார்த்தபோது பத்து முட்கள் பூஜ்யத்தில் கிடந்தன. மின்சாரம் போனதில் மாதச் சராசரியும் அழிந்திருந்தது.

'அலுவலகத்தின் மொத்த உழைப்பையும் ஒரே இழுப்பில் அழித்தவர்' என்று அவளுடைய வேலைநீக்க ஓலையில் எழுதியிருந்தது. ஒன்பது வருடத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த மாதக் கடைசியில் வடிவமைப்பாளன் போன் செய்தான்.

"அக்கா, இந்த மாசச் சிறந்த ஊழியர் விருது ஏழாம் மேசைக்கு. தொண்ணூத்தேழு, ஒரு நாள்கூட இறங்கல."

"நான்தான் அங்க இல்லையே தம்பி."

"காலையில யாராவது மெஷினைப் போட்டுடறாங்க, கட்டம் சுத்துது. உங்க நாற்காலிக்கு மாலை போட்டுக் கைதட்டினாங்கக்கா. எல்லாரும் இப்படி உழைக்கணும்னு சார் பேசினாரு."

"இருக்கட்டும். சீட்டெல்லாம் இப்ப யாரு படிக்கிறா?"

மறுமுனையில் கணினிகள் இரைந்துகொண்டிருந்தன.

"படிச்சா முள்ளு இறங்கிடுமேக்கா," என்றான்.