பறைக்கு எண்ணெய் போட்டவன்

ஒரு தொழிலை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பது பெரிய ஆபத்து. சம்பந்தமில்லாத இடத்திலும் கை சும்மா இருக்காது. நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். பதினெட்டு வருடமாக விறைப்பான தோலை மிருதுவாக்குவதுதான் வேலை. (வீட்டில் அந்த வித்தை யாரிடமும் பலித்ததில்லை.)

என் மனைவி கோமதி வேலூரில் இசை ஆசிரியை. முப்பது பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்காக இருபது நிமிட இசை ஒன்றை எழுதினாள். வயலின்கள் ஏர் ஓட்டும், செல்லோக்கள் நாற்று நடும், கடைசியில் ஊர்த் திருவிழா. எல்லாம் பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் அப்பாவின் நிலம்தான். மாமனார் அதுவரை அவளுடைய ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. "எனக்கு அதுல இன்னாமா புரியப்போவுது?" என்று கழன்றுகொள்வார். அவருக்குப் புரியவேண்டும் என்றே மூன்று வருடம் உட்கார்ந்து இதை எழுதினாள். இந்த ஒரு முறை வருவதாகச் சொல்லியிருந்தார்.

திருவிழாவில் மற்ற வாத்தியமெல்லாம் நின்றுவிட, பறை மட்டும் எட்டு அடி தனியாக ஒலிக்கவேண்டும். வாசிக்கவிருந்த சேகருக்கு அன்று குடியாத்தத்தில் வேறு நிகழ்ச்சி வந்துவிட்டது. அந்த எட்டு அடியும் என் தலையில் விழுந்தது. பறையைக் கொடுக்கும்போதே சேகர் சொன்னார்:

"சார், வாசிக்கறதுக்கு முன்னாடி வைக்கோல் கொளுத்தி அனல்ல காட்டுங்க. வேற ஒன்னும் பண்ணாதீங்க."

வீட்டில் வைத்துப் பார்த்தேன். தோல் வறண்டு விறைத்துக் கிடந்தது. எங்கள் தொழிற்சாலைக்கு இப்படி ஒன்று வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். மனசு கேட்கவில்லை. தோலைப் பதமாக்கும் எண்ணெயை எடுத்து இரண்டு முறை பூசித் தேய்த்தேன். மதியத்துக்குள் கைக்குட்டை மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு அருமையான தோலை நெருப்பில் காட்டவும் மனம் வரவில்லை.

மேடையில் முப்பது வாத்தியங்களும் ஒரே நேரத்தில் நின்றன. நான் ஓங்கி அடித்தேன்.

தொப்.

இன்னும் ஓங்கி அடித்தேன். தொப். மூன்றாவது அடியில் குச்சி உள்ளே அமுங்கியது. நாலாவதோடு நிறுத்திவிட்டேன். முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்த கோமதியின் கை அப்படியே நின்றது. அவள் கோபம் எனக்குப் பழக்கம். அன்றைக்கு அவள் கண் கலங்கியிருந்தது, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேர அமைதிக்குப் பின் வயலின்கள் தயங்கித் தயங்கி வாசித்து முடித்தன.

மேடைக்குப் பின்னால் வந்ததும் கோமதி கேட்டாள்: "இன்னா பண்ணீங்க அத?"

"கொஞ்சம் எண்ணெய்..."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் மாமனாரும் அங்கே வந்தார்.

"சாரிப்பா, கடைசில கெட்டுப்போச்சு."

"இன்னாத்துக்குமா சாரி? ஏர் ஓட்டனது, நட்டது, எல்லாம் நம்ம நெலந்தான? நீ சின்னப் புள்ளயா இருக்கும்போது திருவிழாவுல மழ புடிச்சி, மோளம் நனஞ்சி, அல்லாரும் கம்முனு வூட்டுக்கு வந்தோமே. அத்தக்கூட ஞாபகம் வச்சி போட்டியே!"

கோமதி அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். அது மழையில்லை, எண்ணெய் என்று சொல்ல எனக்கும் தெம்பில்லை.

புதுத் தோல் கட்டிப் பறையைத் திருப்பிக் கொடுத்தபோது, சேகர் மூலம் உண்மை மாமனாருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கோமதி அந்த எட்டு அடியை நிரந்தரமாக எடுத்துவிட்டாள். இப்போது அங்கே வெறும் அமைதிதான். மாமனார் ஒரு கச்சேரியையும் விடுவதில்லை. முன் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அமைதி வந்ததும் மறுபக்கத்து நாற்காலிக்காரரை முழங்கையால் இடிப்பார்.

"நல்லா கேளுங்க, இது எங்க மாப்ள வாசிக்கற எடம்."