மீட்டர் சொன்னது அறுபது

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் தன் சொந்தக் கையாலேயே எழுதுவது.

முதலில் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து சிறிதாகவும், வரி போகப் போக மேட்டில் ஏறுவது போலவும் இருப்பது எனக்கே தெரிகிறது. ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா ரொம்ப மெலிந்த சாமான். இறுக்கிப் பிடித்தால் தாள் கிழிகிறது, விட்டுப் பிடித்தால் பேனா ஓடிவிடுகிறது. நூலகத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் டீச்சரம்மா, "ஐயா, பேனாவை ஓட்டாதீங்க, எழுதுங்க" என்று தினமும் சொல்கிறார். இதுவரை உங்களுக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல உங்கள் அத்தை எழுதியவை. நான் ஒரு பக்கத்துக்குச் சொன்னால் அவள் மூன்று வரி எழுதிவிட்டு, "எல்லாம் வந்துடுச்சு" என்பாள். இது அவள் கை படாத முதல் கடிதம். ஆகையால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

அங்கே நீங்களும் நம் மகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உங்கள் அத்தையும் சுகம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. வண்டியும் சுகம், ஆனால் சாவி என்னிடம் இல்லை. இரண்டுக்கும் காரணம் நீங்கள் அன்போடு அனுப்பிவைத்த அந்தப் பெட்டிதான். தப்பாக நினைக்க வேண்டாம். பெட்டி மிக நல்ல பெட்டி. பார்சல் மேல் எனக்காகப் பெரிய எழுத்தில் 'ஓவர்டிரைவ்' என்று எழுதியிருந்தீர்களே, அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறகு உங்கள் அத்தையைக் கூப்பிட்டு அவள் முன்னாலும் ஒருமுறை படித்தேன்.

நம் மெக்கானிக்கை உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்குக் கூட சட்டையில் கிரீஸோடு வந்தாரே, அவர்தான். பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இதைக் கியர் பாக்ஸுக்குப் பின்னால மாட்டணும். மாட்டினா இன்ஜின் கம்மியா சுத்தும், வண்டி அதே வேகத்துல போகும்" என்றார். கம்மியாக உழைத்தால் அதே வேலை எப்படி நடக்கும், எந்த வீட்டில் நடந்திருக்கிறது என்று கேட்டேன். "நடக்கும், தள்ளி நில்லுங்க" என்றார். தள்ளி நின்றேன். பெட்டிக்கு இடம் வேண்டும் என்று, பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்டைக் கழற்றி, ஒரு சாண் நீளத்துக்கு அறுத்துவிட்டார் மாப்பிள்ளை. அறுத்த துண்டை என் கையிலேயே கொடுத்தார். அது இப்போது சமையலறைக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுக்கிறது. இவ்வளவு நாளும் அந்த ஒரு சாண் இரும்பு வண்டிக்குத் தேவைப்பட்டதே, இப்போது ஏன் தேவைப்படவில்லை என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கம்பி புதிதாக முளைத்திருக்கிறது. வேகம் பிடித்ததும் அதைப் பின்னால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

மறுநாள் செடிப் பண்ணையில் நம் திறந்த வண்டியில் தொட்டிச் செடிகளை லோடு ஏற்றினோம். வழக்கம்போல உங்கள் அத்தை தொட்டிகளை எண்ணி வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரிய சாலைக்கு வந்ததும் குட்டைக் கம்பியை இழுத்தேன். இன்ஜின் சத்தம் பொசுக்கென்று அடங்கிவிட்டது. வண்டி நின்றுவிட்டதோ என்று வெளியே பார்த்தால் மரங்கள் பின்னால் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அந்த அமைதியில் பக்கத்திலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்கிறது. "பாலம் வருது, நிறுத்துங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாள் முதல் இந்த வண்டியில் அவள் வாய் அசைவதைப் பார்த்திருக்கிறேன், நானும் 'உம்' என்று தலையாட்டியிருக்கிறேன். என்ன பேசுகிறாள் என்று கேட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்கு ஏன் பச்சைச் சுண்ணாம்பு அடித்தாய் என்று ஒரு தடவை சண்டை போட்டேனே, அதற்கும் வண்டியில் 'உம்' சொன்னது நான்தானாம்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் எப்போதுமே வண்டியைக் காதால் ஓட்டியவன். மீட்டரில் இருக்கும் எண்கள் எனக்குச் சும்மா ஒரு பூவேலை மாதிரி. இன்ஜின் இந்த மாதிரி உறுமினால் இவ்வளவு வேகம், அதுதான் என் கணக்கு. உறுமல் குறைந்ததும் வண்டிக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து, பழைய உறுமல் வரும்வரை மிதித்தேன். வந்தது. உங்கள் அத்தையின் குரல் பழையபடி உள்ளே போய்விட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று, புதிதாகப் படித்தவன் அல்லவா, மீட்டரையும் படித்தேன். ஆறு, பக்கத்தில் பூஜ்யம். அறுபது. காதும் கண்ணும் ஒரே பேச்சாக இருக்கின்றன, வேறென்ன வேண்டும். பாலத்துக்குப் பாலம் அவள் கையை ஆட்டி ஏதோ சொல்வாள். வேகத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, "அறுபதுதான்டி, எழுதியிருக்கு பார்" என்று மீட்டரைத் தட்டிக் காட்டுவேன்.

ஆனால் செடிகள் விஷயம்தான் பிடிபடவில்லை. பண்ணையில் இலையோடு ஏற்றிய செடிகள் இறக்கும்போது மொட்டையாக நின்றன. ஒரு வீட்டுக்காரர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "பெரியவரே, நான் செடி கேட்டேன், விளக்குமாறு கொண்டு வந்திருக்கீங்க" என்றார். வெயில், பூச்சி, மண் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பண்ணை முதலாளியோ செடி நல்ல செடி, இலைதான் காற்றில் பறந்திருக்கிறது என்றார். அறுபதில் எந்த ஊரில் இலை பறக்கிறது?

கடைசியில் போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். "எவ்ளோ வேகத்துல வர்றீங்க தெரியுமா?"

"அறுபது தம்பி. இந்த ரோட்டுல அதானே கணக்கு?"

"எண்பது" என்று தன் கையிலிருந்த கருவியைக் காட்டினார். எட்டு, பக்கத்தில் பூஜ்யம். நானே படித்தேன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை மாப்பிள்ளை. அங்கே எழுதியிருப்பது ஒன்று, இங்கே எழுதியிருப்பது ஒன்று. எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துத்தானே இந்த வயதில் வகுப்புக்குப் போனேன்? அவர்தான் தப்பாகப் படிக்கிறார் போலிருக்கிறது என்று, "எனக்கும் முதல்ல ஆறும் எட்டும் குழம்பும் தம்பி. நூலகத்துல வகுப்பு இருக்கு, கூச்சப்படாம வாங்க" என்றேன். அவர் உங்கள் அத்தையைப் பார்த்து, "அம்மா, நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றார்.

"நான் சொன்னா அவருக்கு எங்க கேக்குது?" என்றாள். இன்னொரு தடவை பிடித்தால் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சாவி தையல் டப்பாவுக்குள் போய்விட்டது. மகளுக்கு ஃபோன். "உங்கப்பாவுக்குக் கண்ணும் போச்சு, காதும் போச்சு." அவள், "வண்டியை வித்துடலாம்மா, அவர் வந்து முடிவு பண்ணட்டும்" என்கிறாள். அந்த 'அவர்' நீங்கள்தான். என் கண் கெட்டுவிட்டதா, காது கெட்டுவிட்டதா, மீட்டர் கெட்டுவிட்டதா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் வண்டி இல்லாமல் காலையில் எழுந்து எந்தப் பக்கம் போவது என்றும் தெரியவில்லை. எனவே பரிசைக் குறை சொல்கிறேன் என்று எண்ணாமல், 'பெட்டியைக் கழற்றிவிடுங்கள் மாமா, சாவியை மாமாவிடம் கொடுங்கள் அத்தை' என்று நீங்களே எழுதுவது போல இரண்டு வரி எழுதி அனுப்பவும். பெட்டியைத் துடைத்துப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் இருவருக்கும் நோய் நொடி அண்டாமல், போகிற வழியெல்லாம் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கட்டும். மகளிடம் கோபம் இல்லை என்று சொல்லவும், கொஞ்சம் இருக்கிறது என்றும் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் விஷயம் மாறிவிட்டது. விற்பதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துச் சொல்லட்டும் என்று உங்கள் அத்தை மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே சிரித்தார். "மீட்டருக்குப் போற கேபிள் பழைய கியர் பாக்ஸிலேருந்து போகுது. புதுப் பெட்டி அதுக்குப் பின்னால. பின்னால ஏறுற வேகம் அதுக்கு எப்படித் தெரியும்? இன்ஜின் சத்தமும் அப்படித்தான். குட்டைக் கம்பியை இழுத்துட்டா, மீட்டர்ல நாப்பத்தஞ்சுன்னா வண்டி போறது அறுபது."

"மாட்டும்போதே சொல்லக்கூடாதாய்யா?"

"நீங்க மீட்டர் பாக்குற ஆளா எப்ப மாறுனீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

சரி, கழற்றிவிடு என்றேன். உங்கள் அத்தை, "கழட்ட வேணாம்" என்றாள். நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம். "நாப்பத்தஞ்சுல போனா நான் பேசுறது இவருக்குக் கேக்கும். இந்த வண்டியில ஏறின நாள்லேருந்து, அந்தப் பாலத்துக்கிட்ட ஒரு நிமிஷம் நிறுத்துங்கன்னு சொல்லிட்டிருக்கேன்" என்று சொல்லி, டப்பாவைத் திறந்து சாவியை என் கையில் வைத்தாள். வேகத்துக்குப் பயந்து சொன்னது இல்லையாம் மாப்பிள்ளை.

ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காதது போல இருந்துவிடவும். கிழித்துப் போட மனம் வரவில்லை, அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியது. பாலத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். "நிறுத்தினா தெரியும்" என்கிறாள். நாளைக்கு லோடு அந்த வழியாகத்தான். என்ன இருந்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.