முப்பத்திரண்டில் ஒரு கெட்டிமேளம்

கல்யாண வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போடாத சொந்தக்காரரைப் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாம் தெரியும் என்று வேலை செய்ய வருகிற ஆள்தான் ஆபத்து. எங்கள் அக்கா கல்யாணத்தில் அந்த ஆபத்து, பாவாடை தாவணியில், கழுத்தில் கட்டைவிரல் அளவு எம்பி3 பிளேயரைத் தொங்கவிட்டுக்கொண்டு செஞ்சி மண்டபத்தில் நடமாடியது. நான்தான்.

அந்தப் பிளேயர் அக்காவுக்கு என் பரிசு. கல்யாணம் முடிந்ததும் மாமாவோடு புனேவுக்குப் போகிறாள். அங்கே தெரிந்த முகம் ஒன்று கிடையாது. நாங்கள் சேர்ந்து கேட்ட பாட்டில் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். பிளேயரிலோ இடம் கொஞ்சம். கல்லூரிக் கம்ப்யூட்டரில் பாட்டை ஏற்றும்போது, தரம் எவ்வளவு என்று அது கேட்கும். 128 என்றால் பாட்டு நன்றாக இருக்கும், இடத்தை அடைக்கும். 32 என்றால் பாட்டு சுருங்கிவிடும்; நாலு மடங்கு கொள்ளும். நான் 32-ஐ அழுத்தினேன். கேட்டுப் பார்க்காமலா? கேட்டேனே, திண்டிவனம் பஸ்ஸில், இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து. (அந்த சீட்டுல பாட்டு எது, பஸ்ஸு எதுன்னு பிரிச்சுச் சொல்றவங்களுக்குப் பரிசே குடுக்கலாம்.)

அதோடு நின்றிருக்கலாம். ரேடியோ செட் வைத்த தாண்டவன் அண்ணனிடம் போய், “உங்க கீறல் விழுந்த சீடி எல்லாம் எதுக்குண்ணா? மங்கல இசைகூட இதுலயே இருக்குது” என்றேன். அவரும் நம்பி, சீடிப் பெட்டியைத் தன் தம்பி செட் போட்டிருந்த வேறொரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார்.

காலையில் முதல் பாட்டுக்கே அவர் நெற்றி சுருங்கியது. “இன்னா பாப்பா, பாட்டுக்கு ஜலதோஷம் புடிச்சாப்ல இருக்குது?”

“உங்க பாக்ஸ்தாண்ணா பழசு.” (வாய் மட்டும் முழுத் தரத்தில் இருந்தது.)

முகூர்த்தம் நெருங்கும்போது எங்கள் அப்பா, அதாவது நைனா, வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். மேளக்காரர்கள் வந்த வேன் வல்லம் பக்கத்தில் படுத்துவிட்டதாம். “மேளம் இல்லாம தாலி கட்டுனா மாப்ள ஊட்டுக்காரங்க இன்னா சொல்லுவாங்க?” என்று கையைப் பிசைந்தார்.

“டென்ஷன் ஆவாத நைனா. நான் இருக்கேன்ல” என்றேன்.

கெட்டிமேளம் எதற்கு? தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ கெட்ட வார்த்தையோ யார் காதிலும் விழாமல் அமுக்கத்தான். ஐயர் கையைத் தூக்கி, “கெட்டிமேளம்!” என்றார். பட்டனை அழுத்தினேன். பாக்ஸிலிருந்து தவில், அடுப்பில் கஞ்சி கொதிக்கிற மாதிரி வந்தது. நாதஸ்வரம் சாட்சாத் கொசுவேதான். மண்டபமே வாயை மூடிக்கொண்டு பாக்ஸைப் பார்த்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா தும்மினார். அந்தத் தும்மல் மட்டும் எந்தச் சுருக்கமும் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்டது.

தாலியோடு போன மாமாவின் கை அப்படியே நின்றது. “சகுனம் சரியில்லியே” என்று அனந்தபுரத்து மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து ஒரு குரல். அக்கா முகம் வெளுத்துவிட்டது. என்னால் அவள் கல்யாணம் நின்றுபோயிற்று என்றே நினைத்தேன். அப்படி ஒரு பயம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

அம்மாதான் சீர்த்தட்டிலிருந்த பழங்களைக் கீழே கொட்டினாள். தட்டைத் தேங்காயால் அடித்தாள். “இன்னா பாத்துனு நிக்கறீங்க? அடிங்க!” என்று கத்தினாள். அவ்வளவுதான், சமையல்காரர்கள் கரண்டியும் அண்டா மூடியுமாக ஓடி வந்தார்கள். நைனா தண்ணீர் டிரம்மை அறைந்தார். தும்மிய பெரியப்பாவோ, பாவம், குற்ற உணர்ச்சியில் இரும்பு நாற்காலியை எல்லோரையும்விட வேகமாகக் குத்தினார். மாமா சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டார்.

நான் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கிளம்புகிற நேரத்தில் அக்கா தேடி வந்து கையை நீட்டினாள். “குடுடி அத.”

“வேணாங்க்கா. நல்லா ஏத்திக் குடுக்கறேன்.”

“நல்லா ஏத்துனா எத்தினி பாட்டு புடிக்கும்?”

“கால்வாசி.”

“மிச்சத்துக்கு நான் எங்க போவறது?” என்று பிடுங்கிக்கொண்டாள்.

புனேவிலிருந்து முதல் போன் வந்தது. “எல்லாரும் கெணத்துக்குள்ள எறங்கிப் பாடறாங்கடி. ஆனா ஒருத்தர்கூட வராம இல்ல” என்றவள், சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு என் கல்யாணம் வந்தது. இரண்டு செட் மேளம். ஐயர் கையைத் தூக்கப்போகும் நேரத்தில் திரும்பிப் பார்க்கிறேன்: எங்கள் பக்கத்து ஜனம் மொத்தமும் தட்டும் கரண்டியுமாக எழுந்து நிற்கிறது. முன்வரிசையில் மாமா, கையில் அண்டா மூடி. தவில்காரருக்கு முகம் வாடிவிட்டது.

“இன்னாம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லியா?”

“உங்க மேல இருக்குதுங்க” என்றாள் அம்மா, தேங்காயைக் கைமாற்றிப் பிடித்தபடி. “பொண்ணு இடுப்புல இன்னா பாட்டுப் பொட்டி சொருகி வச்சிருக்குதுன்னுதான் தெரியல.”