பழைய ஆயில் சொன்ன கோள்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் அக்காவும் உங்கள் மருமகளான என் மகளும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டாரும், நீங்கள் வேலை பார்க்கும் ஆயில் பரிசோதனைக் கூடமும், அதில் உள்ள அத்தனை மெஷின்களும் நலமாக இருக்க வாழ்த்துகிறேன். மெஷின்களை ஏன் வாழ்த்துகிறேன் என்றால், என் பிழைப்பில் மண்ணைப் போட்டதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

போன முறை நீங்கள் வந்திருந்தபோது என் லாரியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இன்ஜின் தேய்ந்திருக்கும் போலிருக்கிறது, அதில் ஓடிய பழைய ஆயிலைக் கொஞ்சம் அனுப்புங்கள், எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து எந்தப் பாகம் தேய்கிறது என்று சொல்லிவிடுகிறேன் என்று ஒரு சின்ன பாட்டிலையும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நான் கேட்டேனா? ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்து, பழைய பேப்பரில் ஒரு சொட்டு விட்டால் அது பரவுகிற அழகிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். இருந்தும் அனுப்பினேன். காரணம் உங்கள் மருமகள். லாரி ஓட்ட லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு, இனிமேல் நான் ஓட்டுகிறேன், நீங்கள் வீட்டில் இருங்கள் என்று தினமும் என் உயிரை எடுக்கிறாள். இது வயசான வண்டி, என் ஒருத்தன் கைக்குத்தான் அடங்கும் என்று நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை ஒரு மெஷினே சொல்லிவிட்டால் அவள் வாயை அடைத்துவிடலாமே என்ற நப்பாசைதான்.

இன்ஜினைச் சூடாக்கி, அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். கொதிக்கிற ஆயில் பாட்டிலில் விழுந்தது கொஞ்சம், என் சட்டைக் கைக்குள் புகுந்து அக்குள்வரை போனது மிச்சம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நான் ஆயில் பிடிப்பதற்கு முன்னாலேயே உங்கள் அக்கா அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, தம்பி ஆபீசுக்குப் போகிற பாட்டில் தூசியோடு போனால் அவனுக்குத்தானே கேவலம் என்று பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டுக் கழுவி, அரைகுறையாக அலசி, துடைத்து வைத்திருக்கிறாள். அந்தப் பவுடரில் சோடியம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆயிலில் சோடியம் இருக்கிறது, ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் கசிகிறது என்று நீங்கள் தகவல் அனுப்பினீர்கள். மெக்கானிக் இன்ஜினைப் பிரித்து மேய்ந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிரித்ததைச் சும்மா மூட வேண்டாம் என்று டியூபில் இருந்த பசையை மூட்டுக்கு மூட்டு தாராளமாகப் பூசி மூடினார். அடுத்த பாட்டிலை அனுப்பினேன். இப்போது சிலிக்கான் ஏகத்துக்கும் இருக்கிறது, ரோட்டுத் தூசி உள்ளே போகிறது, ஏர் ஃபில்டரைப் பாருங்கள் என்றீர்கள். ஃபில்டரை மாற்றி, அதன் குழாயையும் மாற்றிய பிறகு மெக்கானிக் அந்தப் பசை டியூபின் மேல் எழுதியிருந்ததை மெதுவாக ஒருமுறை படித்தார். முழுக்க முழுக்க சிலிக்கான். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். விதி யாரை விட்டது? இன்னொரு தடவை பழைய ஆயிலை வடித்துப் புது பாட்டிலில் பிடித்து, உங்கள் அக்காவின் கண்ணில் படாமல் நேராகக் கொண்டுபோய் பார்சல் போட்டேன். இந்த முறை பதில் தெளிவாக வந்தது. இரும்பு கொஞ்சம்தான், அதனால் பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டரும் நன்றாக இருக்கின்றன. ஈயமும் செம்பும் அதிகம், அதனால் கிராங்க்கைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன. சரி, பேரிங்கை மாற்றிக்கொள் என்று முடித்திருக்கலாம் அல்லவா? கீழே உங்கள் கைப்பட ஒரு வரி. பாரத்தோடு மேடு ஏறும்போது கியரைக் குறைக்காமல் டாப் கியரிலேயே இழுத்தால் இப்படித் தேயும், ஓட்டுபவரை விசாரிக்கவும். விசாரிக்கவா? நான் என்ன கோழி திருடினேனா?

அதுவும் போதாது என்று என்னை விட்டுவிட்டு உங்கள் அக்காவுக்குப் போன் போட்டீர்கள். அவள் ஸ்பீக்கரில் வைத்துக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் நாற்காலியில் டிபன் தட்டோடு நான், வாசல் கதவருகே உங்கள் மருமகள். வீடு முழுக்கக் கேட்டது உங்கள் குரல்: "அக்கா, மாமாவுக்கு எடது முட்டியில வலி ஏதாவது இருக்கா?"

மச்சான், இதுவரை மரியாதையாக எழுதினேன், இனிமேல் முடியாது. உனக்கு என்னடா நான் பாவம் செய்தேன்? அந்த முட்டியை எத்தனை நாளாக மறைத்து வைத்திருந்தேன் தெரியுமா? தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் தரை ஜில்லென்று இருக்கிறது என்று நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். படி ஏறும்போது போன் பேசுகிற மாதிரி நடுவில் நின்றுகொள்வேன். என் லாரியில் கிளட்சை இடது காலால் மிதிப்பதும் சுவரைக் காலால் தள்ளுவதும் ஒன்றுதான். ஒவ்வொரு மேட்டிலும் கியரைக் குறைக்க மிதித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் மிதிக்காமல் போட்ட கியரிலேயே உருட்டினேன். வண்டி திணறும், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கட்டிய பெண்டாட்டி கண்டுபிடிக்கவில்லை. நீ ஒரு பாட்டில் கரி ஆயிலில் கண்டுபிடித்துப் போட்டுக்கொடுத்துவிட்டாய். எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்று எந்த மெஷினிலாவது வைத்துப் பார்.

உன் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். உன் மருமகள் அழவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு நின்றவள் மெதுவாகச் சொன்னாள்: "கிளட்ச் மிதிக்க முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மிதிச்சிருப்பேன்லப்பா. அதுக்காக இன்ஜினையா கொல்லுவீங்க?"

கத்தினேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எழுந்த வேகத்தில் முட்டி மடங்கி மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அதையும் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

ஆகவே இதன் மூலம் உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால், மெக்கானிக் புது பேரிங் போட்டுவிட்டார். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. என் மூச்சு உள்ளவரை அந்த ஸ்டியரிங்கில் இன்னொருவர் கை படாது. நீ அக்காவைப் பார்க்க வரலாம், சாப்பிடலாம், போகலாம். வாயை மட்டும் திறக்கக் கூடாது.

நீயும் உன் பிள்ளைகளும் எந்த மூட்டிலும் எந்த வலியும் இல்லாமல், இருந்தாலும் அதை ஊருக்குச் சொல்கிற மச்சான் இல்லாமல், நெடுங்காலம் நன்றாக இருக்க ஆசீர்வதிக்கும்,
உன் மாமா.

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் நேற்று வீட்டில் எழுதியது. இதை ஓடுகிற லாரியில், பக்கத்து சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபம் என்று நினைக்காதே. சாவியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. சட்டையைக் கழற்றி அவள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினேன், அவ்வளவுதான். இப்போது பெரிய மேடு ஒன்று வந்தது. தப்பு செய்வாள், நாலு வார்த்தை கேட்கலாம் என்று பேனாவை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளட்சை மிதித்தாள், கியரைக் குறைத்தாள், ஏறிவிட்டாள். இந்த மேட்டில் வண்டி திணறினால் அதற்கு வயசாகிவிட்டது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இன்று அது முனகக்கூட இல்லை, மச்சான்.