மழை வராது என்று நான் சொன்ன நாள்

புவியியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது வானத்தை அண்ணாந்து பார்த்தால் போதும், கேட்காமலேயே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவோம். எனக்கு அது முற்றியிருந்த நேரத்தில்தான் மரக்காணத்து உப்பளக் குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். ஒன்பதாம் வகுப்பு டீச்சரான எனக்கு மே மாத விடுமுறை. கணவர் முருகனோடும் மாமியாரோடும் முதல்முறையாக உப்பளத்துக்குப் போனேன். மதியம் மூன்று மணி இருக்கும். பாத்திகளில் பாதம் நனையும் அளவுதான் தண்ணீர். ஆனால் அதற்குள் முழு வானமும் படுத்திருந்தது. வரப்பில் நடந்தால் மேகத்தின் ஓரமாக நடப்பதுபோல இருந்தது. கடலிலிருந்து வந்த காற்று என் புதுப் பட்டுச்சேலையை ஊதிக்கொண்டேயிருந்தது. (உப்பளத்துக்குப் பட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். புதுப்பெண்.)

இரண்டு நாளாக வாரிய உப்பு வரப்பில் குவிந்து கிடந்தது. வேலை முடிந்து கிளம்பிய செல்வி அக்கா கேட்டார்: "ஏன் டீச்சரு, மழை வருமா? தார்ப்பாய் போட்டு மூடிட்டுப் போவட்டா?"

"மேக்கால கருத்துருக்கே," என்றார் மாமியார்.

வியாதி கிளம்பிவிட்டது. "இல்ல அத்தை. வெயில்ல நெலம் சீக்கிரம் சூடாவும், கடல் மெதுவாத்தான் சூடாவும். அதனால காத்து கடல்லேர்ந்து மேக்கால போவுது. அந்த மேகத்த அப்படியே அந்தாண்ட தள்ளிட்டுப் போயிடும்."

"அவ படிச்சவ, சொன்னா சரியா இருக்கும்," என்றார் முருகன், என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். செல்வி அக்காவும் மற்ற வேலையாட்களும் தார்ப்பாய் போடாமலே கிளம்பினார்கள்.

நான் பாத்தி ஓரமாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரிய மேகம் ஒன்று மேற்கிலிருந்து என் காலடியை நோக்கி மெல்ல மிதந்து வந்தது. காற்று எப்போதோ நின்றிருந்தது. ஆகா, என்ன அழகு என்று சொக்கிப்போனேன். (அது எதிர்த்திசையில் வருகிறதே என்பது உறைக்கவேயில்லை.) பிறகு முகத்தில் சில்லென்று ஒரு காற்று, மண்வாசனையோடு. அதுவும் மேற்கிலிருந்து.

தண்ணீருக்குள் இருந்த வானம் பொத்தல் பொத்தலாக உடைந்தது.

தார்ப்பாய் கொட்டகையில் இருந்தது. கொட்டகை அரை மைல் தூரத்தில் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றியது. முருகன் அங்கே ஓடினார். நான் என்ன செய்வது? முந்தானையை விரித்து, என்னைவிட உயரமான குவியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உப்பு சரிந்தது, நானும் சரிந்தேன், நேராகப் பாத்திக்குள். கண்ணெல்லாம் எரிந்தது.

"டீச்சரு, உப்ப வுடுங்க! மொதல்ல நீங்க எழுந்திரிங்க!" பாதி வழியிலிருந்து செல்வி அக்காவும் மற்றவர்களும் திரும்பி ஓடிவந்திருந்தார்கள். தார்ப்பாயை இழுத்துப் போட்டோம். பாதிதான் மிஞ்சியது. இரண்டு நாள் அவர்கள் வெயிலில் வாரியதில் பாதி, என் ஒரு வாக்கியத்தில் கரைந்துபோயிருந்தது. அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாமியார் திட்டவில்லை. கொட்டகையில் என் தலையைத் துவட்டியபடி கவலையாகக் கேட்டார்: "பசங்களுக்கும் இதத்தான் சொல்லிக்குடுக்கறியாம்மா?"

அப்போதுதான் அழுகை வந்தது. தரையோரம் வீசும் காற்று ஒரு பக்கம் போனாலும், உயரத்தில் வீசும் காற்று வேறு பக்கம் போகும். மேகத்தை இழுத்துப்போவது உயரத்துக் காற்றுதான். இதை நானே பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். தப்பாக எழுதிய பிள்ளைகளை நிற்க வைத்துமிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் செல்வி அக்காவோடு நானும் உப்பு வாரினேன். கை கொப்பளித்தது. "பரவால்ல டீச்சரு, வானத்தவிட இது ஒங்களுக்கு நல்லா வருது," என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பரீட்சைத்தாள் வீட்டுக்கு வந்தது. மழை வருவதற்கான அறிகுறிகள் மூன்றை எழுதுக என்பது கேள்வி. அவள் எழுதியிருந்தாள்: கருமேகம். குளிர்ந்த காற்று. அம்மா மழை வராது என்று சொல்வது.

மூன்றுக்கு மூன்று போட்டிருந்தார்கள். அந்த டீச்சரும் மரக்காணம்தான்.