பங்குனியில் சுற்றிய காற்றாடி

மூக்காண்டியின் தோட்டத்தில் நட்ட காற்றாடி பதினெட்டு நாளாக ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. அதைப் பார்வையிட வெள்ளிக்கிழமை கம்பெனி மானேஜர் வருகிறார் என்று திங்கட்கிழமை கடிதம் வந்தது.

'காற்றாடியின் இயக்கம் திருப்தியாக இல்லையென்றால் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோவோம்' என்பது அதன் கடைசி வரி. மூக்காண்டி அந்த வரியை மட்டும் நாலு தரம் படித்தான்.

காற்றாடியை இலவசமாக நட்டுக்கொடுத்த கம்பெனி, மெட்ராஸில் பிஸ்கட் செய்வது. பிஸ்கட் கம்பெனிக்குச் சங்கரன்கோவில் பிச்சிப்பூத் தோட்டத்தில் என்ன வேலை என்று அந்த எண்பத்தாறாம் வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? முப்பதடி இரும்புக் கோபுரம், உச்சியில் தகரச் சக்கரம். காற்றடித்தால் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் ஒரு கம்பி மேலும் கீழும் போய்க் கிணற்றுத் தண்ணீரை இறைக்கும். கரண்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம் என்றார்கள். மாடும் வேண்டாம் என்று மூக்காண்டி தானாகச் சேர்த்துக்கொண்டு, கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்த ஜோடி மாட்டை அந்த வாரமே விற்றுவிட்டான்.

மார்ச் முடிவதற்குள் நட்டாக வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் பறந்தார்கள். நட்டார்கள். பங்குனி மாதம் சங்கரன்கோவிலில் காற்றுக்கு என்ன வேலை? ஆனி பிறந்தால்தான் மேற்கே கணவாய் வழியாக அது புறப்படும். அப்புறம் மூன்று மாதம் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதுவரை நாற்பது சென்ட் பிச்சிக்கும் மூக்காண்டியும் அவன் பெண்டாட்டி அன்னக்கிளியும் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஆனியைப் பிடித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். காற்றாடி போய்விட்டால் மாடும் இல்லை, தோட்டமும் இல்லை.

"வாரவர்ட்ட உள்ளதச் சொல்லிருங்க. இப்போ காத்து இல்ல, ஆனியில அடிக்கும்னு," என்றாள் அன்னக்கிளி.

"சுத்தாத காத்தாடிய எவனாது விட்டுட்டுப் போவானாட்டி? மெட்ராஸ்காரன் ஆனியக் கண்டானா, ஆவணியக் கண்டானா?"

செவ்வாய்க்கிழமை அவனே கோபுரத்தில் ஏறினான். எண்ணெய் விட்டு ஒரு தள்ளுத் தள்ளினால் ஓடும் என்று நினைப்பு. தள்ளிய மட்டும் சுற்றியது, கையை எடுத்ததும் நின்றது. அவன் சக்கரத்தைக் கட்டிப்பிடித்து, கண்ணை மூடி மூச்சு வாங்கினான். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தை ஒட்டிய ரோட்டில் ராஜபாளையம் பஸ் வந்தது.

பஸ் நின்றது. கண்டக்டர் வரப்பில் ஓடிவந்தார்.

"குதிச்சிராதயும்வே! எதுன்னாலும் எறங்கி வாரும், பேசிக்கிடலாம்!"

"நான் காத்தாடி சுத்துதேன்வே!"

"பாவம், புத்தி பெரண்டுட்டு போலுக்கு," என்றாள் பஸ் ஜன்னலிலிருந்து ஒருத்தி.

பத்துப் பேர் ஏறி அவனை இறக்கினார்கள். இறக்கிய வேகத்தில் ஒரு தகரம் வளைந்தது. சாயங்காலத்துக்குள் செய்தி கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் போய்விட்டது.

புதன்கிழமை தகரத்தை நிமிர்த்த ஒர்க்ஷாப் ஜெயசிங் வந்தான். நிமிர்த்திவிட்டுக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, சக்கரம் சுத்துனா கம்பி ஆடும்லா? அப்போ கம்பிய ஆட்டுனா சக்கரம் சுத்தணும்லா?"

மூக்காண்டிக்கு அது வேதவாக்காகப் பட்டது. பக்கத்துத் தோட்டத்துச் சங்கரபாண்டியனிடம் டீசல் எஞ்சினை இரவல் வாங்கி, வெளியே தெரியாதபடி கிணற்றுக்குள் நடுப்படியில் இறக்கினார்கள். ஜெயசிங் கம்பியைப் பம்பிலிருந்து கழற்றி எஞ்சினில் மாட்டினான். எஞ்சின் ஓடியது, மேலே சக்கரம் அழகாகச் சுற்றியது. கம்பி பம்பில் இல்லாததால் தண்ணீர்தான் வரவில்லை.

"அந்த எஞ்சின வச்சு நேரா தண்ணி எறச்சா, செடியாவது பொழைக்கும்லா?" என்று கேட்டாள் அன்னக்கிளி.

"வெள்ளிக்கிழமை முடியட்டும்."

பம்புத் தண்ணீர் விழும் தொட்டி காய்ந்து கிடந்தால் மானேஜர் சந்தேகப்படுவார். அதனால் வியாழக்கிழமை அன்னக்கிளி சுமந்த குடமெல்லாம் தொட்டிக்குப் போயிற்று. செடிகளுக்கு ஒரு சொட்டு இல்லை. மொட்டுகள் தலை தொங்கியதைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலி வாடகை ஜீப்பில் மானேஜர் வந்து இறங்கினார். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. காற்றாடி மட்டும் ஆடித்தபசுத் திருவிழா ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. மரத்தையும் காற்றாடியையும் மாறி மாறிப் பார்த்த மானேஜரின் முகம் சுருங்கியது.

"கீழ காத்தே இல்லையே?"

"மேல்காத்துய்யா. அது தனி."

"கிணத்துக்குள்ள என்ன சத்தம்?"

"பம்பு. பலமா எறைக்குதுல்லா."

"புகை வருதே?"

"வெயிலுக்குத் தண்ணி ஆவியாகுதுய்யா."

மானேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எப்பவாவதுதானே இப்படிச் சுத்தும்?"

"ராப்பகலாச் சுத்துது. நட்ட அன்னையிலிருந்து நின்னதே இல்ல."

"வருஷம் முழுக்கவா சுத்தும்?" என்றார் மெல்ல.

"பன்னெண்டு மாசமும்!"

அவர் முகம் இன்னும் கறுத்தது. வேகம் போதவில்லை போலிருக்கிறது என்று பயந்த மூக்காண்டி, பேசிவைத்திருந்தபடி ஒரு கல்லைக் கிணற்றுக்குள் உருட்டிவிட்டான். உள்ளே ஜெயசிங் எஞ்சினை இன்னும் முடுக்கினான். கோபுரமே நடுங்கியது.

"போதும், போதும்! இது சரிப்படாது. நாளைக்கு லாரி வரும், கழட்டிடுவாங்க," என்றார் மானேஜர்.

"ஐயா, இத நம்பி மாட்ட வித்துட்டேன்யா..." மூக்காண்டி கையெடுத்துக் கும்பிட்டான்.

மானேஜர் அவன் முகத்தைப் பார்க்காமல் தொட்டிப் பக்கம் போய், அன்னக்கிளி சுமந்த தண்ணீரில் நிதானமாகக் கால் கழுவினார்.

மூக்காண்டி ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிரைவர் செல்வமணி உள்ளேயிருந்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"காத்து பத்தலன்னு நெனச்சிட்டாவளோ, தம்பி?"

"வெளங்காமப் பேசாதிய, அண்ணாச்சி. காத்தாடி நட்டா இவிய கம்பெனிக்கு வருமான வரி மிச்சம். நின்னாப் போதும். சுத்துனா தேயும், தேஞ்சா ஆளனுப்பணும், சாமான் அனுப்பணும், அதெல்லாம் செலவு." செல்வமணி தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மாசி மாசம் பூரா நான்தான இவியள ஏத்திக்கிட்டு ஊரு ஊரா அலைஞ்சேன்? ஒரு இலைகூட அசையாத எடமாத் தேடித்தான் ஒங்க தோட்டத்தையே புடிச்சாவ!"