மூடி மேல் வைத்த கல்

"மாஸ்டர், அந்தச் சின்னப் பானைக்குள்ள என்ன?" என்று கேட்டார் லாரி டிரைவர்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மூடி?"

சமையல்காரர் மூடியை இன்னும் அழுத்தி வைத்தார். அந்தத் தையல் கம்பெனியில் மாதம் ஒருநாள் எல்லாரும் குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடுவார்கள். போன மாதம் தையல்காரியின் ஐந்து வயது மகள் அவர் வைத்த குழம்பில் ஒரு வாய் சாப்பிட்டாள். அதில் நிலக்கடலை சேர்த்திருந்தார். உதடு வீங்கி, மூச்சு முட்டி, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு தடவை கடலை பட்டால் உயிர் தங்காது என்று தையல்காரியிடமும் அவரிடமும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் இந்தத் தடவை பாப்பாவுக்கென்று புதுப் பானை, புதுக் கரண்டி. பெரிய பானையைத் தொட்ட கை இதில் படக்கூடாதென்று ருசிகூடப் பார்க்கவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால், "கடலை தின்னு எவன் செத்தான்?" என்று சிரித்துக்கொண்டே கரண்டியை மாற்றிப் போடுகிற கூட்டம் அது. பாத்திரம் கழுவுகிற அம்மாளிடம் மட்டும், "இது பாப்பாவுக்கு, யாரையும் தொடவிடாதே" என்றார்.

டிரைவர் நகர்ந்ததும் மூடி மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். உடனே துணி தேய்ப்பவர் வந்து நின்றார்.

"கல்லெல்லாம் பலமா இருக்கு. முதலாளிக்கா?"

"நேத்து மிஞ்சினது. கொட்டப்போறேன்."

"ஆவி பறக்குதே மாஸ்டர்."

பானையைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து, சாக்கைப் போட்டு மூடினார். அவ்வளவுதான். முதலாளிக்குத் தனிக் குழம்பு என்று சாப்பாட்டு வரிசை முழுக்கச் சேதி பரவியது. மனுசனைத் தடுத்துப் பாருங்கள், சாக்கடைக்குள்ளும் எட்டிப் பார்ப்பான்.

பிள்ளையை அழைத்துவர வாசல் வரைக்கும்தான் போனார். திரும்பி வந்தபோது கல் தரையில் கிடந்தது. டிரைவர் பானையை வழித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய பானையெல்லாம் இதுகிட்ட நிக்காது மாஸ்டர். என்னா ருசி."

திருட்டு மாங்காய் இனிக்கத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்தார். அதற்குள் பாப்பா டிரைவர் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். பாய்ந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டார். எந்தக் கரண்டி எதில் பட்டதோ, இனி எதை நம்புவது? ஒரு வாழைப்பழத்தைக் கழுவி, அவளையே உரிக்கச் சொன்னார்.

"பசியோட வந்த பிள்ளைக்கு இவ்வளவுதானாண்ணே? பாத்துக்கறேன்னு சொன்னீங்களே" என்றாள் தையல்காரி.

அவர் இன்னொரு பழத்தை எடுத்துக் கழுவினார்.

பாத்திரம் கழுவுகிற அம்மாள் காலிப் பானையை எடுத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வழிச்சுத் தின்னுட்டானுங்களா? சின்னப்பிள்ளைக்குச் சப்புனு இருக்கேன்னு நான்தான் ரெண்டு கை நிலக்கடலைப்பொடி அள்ளிப் போட்டு வச்சிருந்தேன்."